புதுப்பிப்பு: ஏற்காட்டுக்குப் புது ஆயர் வரும்போது

ஏற்காடு சபைக்கு வரும் புது ஆயரை, அதாவது சபையை நடத்தும் போதகரை, வரவேற்கும் ஏற்பாடுகளைப் பற்றி முன்பு எழுதியதில், பழைய ஆயர் அவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது விடுபட்டுவிட்டது. மாலை, சால்வையைவிட அதுதான் முக்கியம்.

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளிலும் கடைசிப் பதிவு எண்ணைக் குறித்து, இரு ஆயர்களும் செயலரும் கையெழுத்திடட்டும். பலர் கோட்டைவிடுவது வங்கிக் கணக்கில்தான். கையொப்பம் மாற்றாவிட்டால் காசோலை திரும்பும், ஆயருக்கு உதவும் ஊழியரான உபதேசியாரின் சம்பளம் நிற்கும். கையொப்ப மாற்றத்துக்கான சபைக் கமிட்டித் தீர்மான நகலை முதல் வாரமே வங்கியில் கொடுத்துவிடுங்கள்.

பழைய ஆயர் போய்ப் புதியவர் வரும்வரை உள்ள இடைவெளியில் ஞாயிறு ஆராதனையை உபதேசியார் நடத்தலாம். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்துக்கு குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். சேலத்தில் ஒருவரை முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

சாமான் வண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மழை மாதமென்றால் மூடுபனி இறங்கும்முன், மதியத்துக்குள் வந்து சேரட்டும். ஆயர் மனையை ஒரு வாரம் முன்பே திறந்து ஈரம் உலர விடுங்கள்.