5.8 செ.மீ. அயோர்ட்டா அனூரிசம் (பெருந்தமனி வீக்கம்), சர்ஜரி தாங்கமாட்டார். எப்படிக் கொண்டுபோவது?

கேள்வி:
ஆண், வயது 81. சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே 5.8 செ.மீ. அனூரிசம், வலி இல்லை. இதயத்தின் இஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் 25% (ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் பங்கு; ரொம்பக் குறைவு), கிரியேட்டினின் 2.6 (சிறுநீரகம் பழுது), சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்) வேறு. பீடி விடவில்லை. ஓப்பன் சர்ஜரிக்கு மயக்க மருத்துவர் மறுத்துவிட்டார். "ஸ்டென்ட்டாவது வைங்க டாக்டர்" என்கிறார்கள் வீட்டார் (வயிற்றைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாக உள்ளே வைக்கும் குழாய்). வைக்காமல் விடலாமா? டாக்சிசைக்ளின் (ஆன்டிபயாடிக்), புரோப்ரனலால் (பிரஷர் மருந்து) கொடுத்தால் வீக்கம் வளராதா?

பதில் 1 (ரத்தநாள சர்ஜன்):
5.8 என்பது அல்ட்ராசவுண்டிலா, சிடியிலா? சிடி சில மி.மீ. கூட்டியே காட்டும். வெளிச்சுவரிலிருந்து அளந்ததா, உட்சுவரிலிருந்தா என்பதிலும் 3 மி.மீ. போய்விடும். இவரைப் போன்றவர்களை வைத்துத்தான் பிரிட்டனில், ஸ்டென்ட் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் ஒப்பிட்டு ஈவார்-2 ஆய்வு நடந்தது. 2005 முடிவு: ஸ்டென்ட் வைத்தவர்களில் 30 நாளுக்குள் 9% இறப்பு, 4 வருடம் கழித்து மொத்த இறப்பில் வித்தியாசமே இல்லை. 2010இல் அனூரிசத்தால் வரும் சாவு குறைந்தது தெரிந்தது, ஆயுள் மட்டும் கூடவில்லை. இதயமும் நுரையீரலும் முந்திக்கொண்டன. அன்றைய கருவிகள் பழையவை, உண்மைதான். ஆனால் 2.6 கிரியேட்டினினுக்கு கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயைப் படத்தில் காட்ட ஏற்றும் மருந்து) தரும் ஆபத்து அன்றும் இன்றும் ஒன்றுதான்.

பதில் 2 (இதயநோய் மருத்துவர்):
வீக்கத்தைச் சுருக்க மருந்து கிடையாது. டாக்சிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, 2 வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் பயனில்லை என்று வந்தது. புரோப்ரனலால் ஒத்துக்கொள்ளாமல் பலர் பாதியிலேயே நிறுத்தினார்கள், வளர்ச்சியும் குறையவில்லை. அதே வகையில் பைசோப்ரலால் கொடுங்கள், ஆனால் அது இதயத்துக்கு. ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாட்டின், பிரஷர் கட்டுப்பாடு, இவ்வளவுதான். பீடியை நிறுத்துவதே பெரிய மருந்து: புகைப்பவருக்கு வெடிக்கும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

இன்னொன்று. சளி, இருமல் என்று போனால் யாராவது லெவோஃப்ளாக்சசின் (ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்) எழுதிவிடுவார்கள். அனூரிசம் உள்ளவருக்கு அந்த வகை வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 டிசம்பரிலேயே எச்சரித்தது. சீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சளிக்கு டாக்சிசைக்ளின் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
ஸ்கேன் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை?

பதில் 1:
7 செ.மீ. ஆனாலும் கை வைக்கப்போவதில்லை என்றால் ஸ்கேனே வேண்டாம். எண் ஏற ஏற வீட்டில் தூக்கம் போவதுதான் மிச்சம். இதயம் தேறினால் முடிவு மாறலாம் என்ற நிலை இருந்தால் மட்டும் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. வெடிக்கும் வாய்ப்பு கேட்பார்கள்: இந்த அளவுக்கு 2002 ஆய்வில் வருடத்துக்கு 9%, 2015 தொகுப்பாய்வில் 3.5%. இரண்டையும் சொல்லுங்கள்.

பதில் 3 (நோய்த்தணிப்பு மருத்துவர்):
வெடித்தால் என்ன செய்வது என்பதை இப்போதே பேசி எழுதி வையுங்கள். திடீர் முதுகுவலி, விலாவலி, வியர்வை, மயக்கம் வந்தால் சிறுநீரகக் கல் என்று நினைத்து டைக்ளோஃபெனாக் வலி ஊசி போட்டு அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சர்ஜரி இல்லை என்பது உறுதியானால் வென்டிலேட்டர், மூன்று மணி நேர ஆம்புலன்ஸ் பயணம் எதுவும் வேண்டாம். மார்ஃபின் 2.5 மி.கி. தோலடியில், சிறுநீரகத்தைப் பார்த்து இடைவெளி விட்டு, பதற்றத்துக்கு மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து. இதை எழுதிய சீட்டின் நகல் ஒன்று நோயாளியின் சட்டைப்பையில் இருக்கட்டும், இரவு டியூட்டி டாக்டர் அதைத்தான் பார்ப்பார்.