ஒரு வரி சேர்த்தேன், ஃபிளாஷ் நிரம்பிவிட்டது: லைப்ரரியால் பைனரி பெருத்த அனுபவங்கள்

புரோகிராமைச் சேமிக்க 32 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம் உள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கு சி-யில் எழுதிக்கொண்டிருந்தேன். பாதி இடத்துக்கு மேல் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. வெப்பநிலையைத் தசமத்தோடு காட்டலாம் என்று எண்ணை எழுத்தாக்கும் எஸ்பிரிண்ட்எஃப் ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தேன். அடுத்த பில்டிலேயே இடம் போதவில்லை என்று லிங்கர் (துண்டுகளை இணைத்து ஒரே பைனரியாக்கும் கருவி) நின்றுவிட்டது.

லைப்ரரி முழுவதும் உள்ளே வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. ஸ்டாட்டிக் லைப்ரரி என்பது ஆப்ஜெக்ட் ஃபைல்களின், அதாவது ஏற்கெனவே கம்பைல் செய்த துண்டுகளின், மூட்டை. தேவைப்படும் பெயர் எந்த ஃபைலில் இருக்கிறதோ, அதை மட்டும் லிங்கர் எடுக்கும். ஆனால் அந்த ஃபைல் கேட்கும் மற்றவையும் பின்னாலேயே வரும்.

லிங்கர் எழுதித் தரும் மேப் ஃபைலைத் திறந்ததும் எல்லாம் தெளிந்தது. எந்த ஃபைல், யார் கேட்டு, எந்தப் பெயருக்காக வந்தது என்று தொடக்கத்திலேயே இருக்கிறது. தசம எண்ணை எழுத்தாக்கும் பகுதி வந்திருந்தது. அது, ஓடும்போது நினைவகம் ஒதுக்கும் மாலோக்கையும் இழுத்திருந்தது. நான் மாலோக்கை எங்குமே அழைத்ததில்லை! முழு எண் மட்டும் அச்சிட்டிருந்தாலும் அந்த லைப்ரரியில் இதே கதைதான், ஏனென்றால் ஃபார்மேட்டுக்குள் என்ன இருக்கிறது என்று லிங்கர் படிப்பதில்லை.

மதிப்பை 100-ஆல் பெருக்கி, முழு எண்ணாக நானே பிரித்து அச்சிட்டேன். -0.5 மாதிரி மதிப்புகளில் கழித்தல் குறி தொலைந்துபோகும், அதைத் தனியாகக் கவனியுங்கள். சிறிய கருவிகளுக்கான சி லைப்ரரியான நியூலிப்-நானோவும் நல்ல வழி. அதில் தசம அச்சு நாம் கேட்டால்தான் சேரும்.

*

நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். லிங்கருக்கு, யாரும் கேட்காத பகுதிகளை நீக்கச் சொல்லும் ஜிசி-செக்‌ஷன்ஸ் கொடுத்தும் அளவு அசையவே இல்லை. நான் பயன்படுத்திய லைப்ரரியை, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பகுதியில் வைக்கும் ஃபங்ஷன்-செக்‌ஷன்ஸ் இல்லாமல் கம்பைல் செய்திருந்தார்கள். ஒரு ஃபைலின் எல்லா ஃபங்ஷனும் ஒரே செக்‌ஷனில் கிடந்தன. சோர்ஸ் கையில் இருந்ததால் மறுபடி கம்பைல் செய்தேன், நன்றாக இளைத்தது. அப்புறம் போர்டு எழும்பவில்லை! சிப் எழும்பும்போது எங்கே தொடங்க வேண்டும் என்று பார்க்கும் இன்டரப்ட் வெக்டர் டேபிளை, புரோகிராமில் எதுவும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, அதனால் லிங்கர் அதையும் நீக்கியிருந்தது. லிங்கர் ஸ்கிரிப்டில் அதை நீக்காதே என்று கீப் போட்டதும் சரியானது.

*

லினக்ஸில் எழுதுபவர்கள் ஃபைல் அளவை மட்டும் பார்த்து லைப்ரரியைக் குறை சொல்லாதீர்கள். நான் இரண்டு நாள் அப்படித்தான் தேடினேன். சைஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் புரோகிராம் கோடும் டேட்டாவும் சிறியவைதான். மிச்சமெல்லாம் பிழை தேட உதவும் டீபக் தகவல். ஸ்ட்ரிப் கட்டளையால் உரித்ததும் போய்விட்டது. புரோகிராம் ஓடும்போது அது நினைவகத்தில் ஏறுவதும் இல்லை.