பொருள்: 'ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடு' – தமிழ்ச்சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

நுண்ணுயிர்களிலிருந்து உடலைக் காக்கும் குறுகிய அமினோ அமிலச் சங்கிலியான 'ஆன்டிமைக்ரோபியல் பெப்டைடு' என்பதற்கு, பெருங்குடல் புற்றுநோய் பற்றிய கட்டுரைக்காக 'நுண்ணுயிர்க்கொல்லிப் புரதக்கூறு' என்ற சொல்லை ஐயா முன்வைத்திருந்தார்கள். அதன் இரு பகுதிகளையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு.

முதலில் 'கொல்லி'. சிறுகுடலின் பேனத் உயிரணுக்கள் சுரக்கும் ஆல்ஃபா டிஃபென்சின் 6 என்னும் இவ்வகைப் பெப்டைடு, பாக்டீரியாக்களைக் கொல்வதைவிட அவற்றைச் சிறைப்பிடிக்கும் வேலையையே செய்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நுண்வலையாகி, பாக்டீரியாக்கள் குடற்சுவரை நெருங்காதபடி மறிக்கின்றன. பெருங்குடலில் உருவாகும் எல்எல்-37 என்னும் இன்னொரு பெப்டைடு உண்மையிலேயே கொல்லக்கூடியதுதான். நேர்மின்னூட்டம் உடைய அது, எதிர்மின்னூட்டம் கொண்ட பாக்டீரியச் சவ்வில் படிந்து அதைக் குலைக்கிறது. ஆனால் அதன் வேலை அத்தோடு முடிவதில்லை. இயல்பான பெருங்குடல் திசுவில் மிகுந்திருக்கும் எல்எல்-37 புற்றுத் திசுவில் குறைந்துவிடுவதையும், அதற்குரிய மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்குப் புற்றைத் தூண்டும் அசாக்சிமீத்தேன் என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் குடற்கட்டிகள் கூடுதலாகத் தோன்றுவதையும், கட்டிகளை அடக்கும் பி53 புரதத்தின் வழியே அது புற்றுயிரணுக்களைத் தாமே மடியத் தூண்டுவதையும் 2012இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. சினைப்பை, மார்பகம், நுரையீரல் புற்றுகளிலோ அதே மூலக்கூறு கட்டியின் வளர்ச்சிக்குத் துணைபோவதாக ஆய்வுகள் கூறுகின்றன. இத்தனையையும் பெயருக்குள் அடக்க வேண்டியதில்லை. கட்டுரை சொல்லப்போவதற்குப் பெயர் இடையூறாக நில்லாதிருந்தால் போதும்.

'எதிர்' என்று மாற்றலாமா என்றால், ஆன்டிபயாடிக்கை 'நுண்ணுயிர் எதிரி' என்றும், அதற்குப் பாக்டீரியாக்கள் அடங்காமையை 'எதிர்ப்பு' என்றும் ஏற்கெனவே எழுதிவருகிறோம். மூன்றாவதாக இன்னொன்றும் சேர்ந்தால், எது எதை எதிர்க்கிறது என்று வாசகர் தேட வேண்டியிருக்கும். கொல்வதும் மறிப்பதும் தடுப்பதன் இரு வகைகளே ஆதலால் 'நுண்ணுயிர்த்தடை' என்பதையே பரிந்துரைக்கிறேன்.

'புரதக்கூறு' என்பது புரதத்தின் எந்தப் பகுதியையும் குறிக்கலாம். அமினோ அமிலத்தைக்கூட அப்படிச் சொல்லிவிட முடியும். 'குறும்புரதம்' எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் கண் அதைக் 'குறும்பு ரதம்' என்று பிரித்துவிடுகிறது! 'புரதத்துணுக்கு' இங்கே பொருத்தமாக அமைகிறது. எல்எல்-37 என்பதே எச்கேப்18 என்னும் பெரிய புரதத்தை நொதி வெட்டும்போது விடுபடும், 37 அமினோ அமிலங்களாலான துணுக்கு; டிஃபென்சின்களும் நீண்ட முன்வடிவங்களிலிருந்து வெட்டப்பட்டே செயல்நிலையை அடைகின்றன. ஆய்வகத்தில் நேரடியாகத் தொகுக்கப்படும் பெப்டைடுகள் எதிலிருந்தும் துண்டிக்கப்பட்டவை அல்லவே என்று கேட்கலாம். அங்கே அச்சொல்லை அளவைக் குறிப்பதாகக் கொள்வதில் தவறில்லை.

ஆகவே என் பரிந்துரை 'நுண்ணுயிர்த்தடைப் புரதத்துணுக்கு'. நீளம்தான், கட்டுரையில் முதன்முறை வரும் இடத்தில் 'பெப்டைடு' என்பதையும் சேர்த்து முழுமையாகத் தந்துவிட்டு, பிறகு 'தடைத்துணுக்கு' என்று சுருக்கிக்கொள்ளலாம். டிஃபென்சின், கேத்தலிசிடின் (எல்எல்-37 இதைச் சேர்ந்தது) முதலிய பெப்டைடுக் குடும்பங்களின் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம். 'பெருங்குடல் புற்றுநோய்' என்ற தலைப்பிலும் மாற்றம் தேவையில்லை; மலக்குடல் விடுபட்டுவிடுமோ என்ற ஐயம் வேண்டாம், அதுவும் பெருங்குடலின் பகுதியே.

அன்புடன்.