செம்பருத்தில வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி, என்ன பண்றது?

மொட்டை மாடில தொட்டில வச்ச செம்பருத்திங்க, ஒரு மாசமா மொட்டு விரியாம கொட்டுது, நுனி இலையெல்லாம் சுருண்டு கிடக்கு, தண்டுல பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கு, கீழ் இலைல கரி பூசின மாதிரி கருப்பு வேற. எறும்பும் ஏறுது. ரெண்டும் ரெண்டு நோயா?

பதில் 1: ஒண்ணுதான் அக்கா, மாவுப்பூச்சி. அது சாறை உறிஞ்சிட்டு இனிப்பா கழிவு விடும், அதுல வளர்ற பூஞ்சைதான் அந்த கருப்பு. எறும்பு அந்த இனிப்புக்காகவே பூச்சிக்கு காவல் நிக்குது, அதனால முதல்ல எறும்பை நிறுத்துங்க. சுருண்ட நுனிய வெட்டி கவர்ல கட்டி குப்பைல போடுங்க, தொட்டி பக்கத்துலயே போட்றாதீங்க. அப்புறம் 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைசல், சாயங்காலமா இலை அடிப்பக்கம் நனையுற மாதிரி அடிங்க, வாரம் ஒரு தடவை. வெயில்ல அடிச்சா இலை கருகிடும், நான் பட்டிருக்கேன்.

பதில் 2: தண்ணிய பைப்புல பீச்சி அடிச்சாலே பாதி போயிடும். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, பெருசா வெள்ளை இழையோட வேகமா ஓடுற புழு இருந்தா கொன்னுடாதீங்க, அது மாவுப்பூச்சிய தின்னுற பொறிவண்டோட புழு.

கேட்டவர்: அய்யோ நேத்துதான் அப்படி ரெண்ட நசுக்கினேன் 😭