வெளிமாநிலக் கார்: வரியை முதலில் கட்டுவதா, காப்பீட்டையா?

பின்தெரு வாசல்: வணக்கம். பெங்களூரில் இருக்கும் சித்தப்பா தம்முடைய காரை எனக்கே கொடுத்துவிட்டார். காப்பீடு வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வாழ்நாள் சாலை வரி முன்பே கட்டியாயிற்று என்று அவர் சொல்ல, இங்கே மறுபடியும் கட்ட வேண்டும் என்று ஊரில் ஒருவர் பயமுறுத்துகிறார். இரண்டுக்கும் சேர்த்துக் கையில் பணம் இல்லை. எதை முதலில் கட்டுவது? அவசரம்.

செக்காலையார்: பதிவெண் எந்த மாநிலத்தது? ஆர்.சி. (பதிவுச் சான்று) இன்னும் சித்தப்பா பெயரில்தானா? வங்கிக் கடன் பாக்கி உண்டா? ஊரையும் சொல்லுங்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்றால் சிவகங்கை மாவட்டம், பதிவெண் டி.என். 63 என்று தொடங்கும்; கடியாபட்டி, ராயவரம் என்றால் புதுக்கோட்டை, டி.என். 55. வண்டியை இங்கே மாற்றிக்கொள்ளப் பழைய பதிவு அலுவலகம் தரும் தடையின்மைச் சான்று எந்த அலுவலகத்தின் பெயருக்கு வர வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.

நெடுஞ்சாலை நேசன்: எல்லா மாநிலத்திலும் செல்லுபடியாகும் பாரத் (பி.எச்.) வரிசைப் பதிவெண் வாங்கிவிடுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரி கட்டினால் போதும், மாநிலத் தொல்லையே இல்லை. நான் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

செக்காலையார்: எல்லோருக்கும் சொல்லலாம், எல்லோருக்கும் கிடைக்காது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் வைத்திருக்கும் தனியார் நிறுவன ஊழியர்களுக்கும்தான் அது.

பழைய ஓட்டுநர்: கேள்வி கேட்பதற்கு முன் ஆர்.சி.யை ஒருமுறை எடுத்துப் பார்க்கும் வழக்கம் ஒழிந்துவிட்டது போலும். தம்பி, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, வேறு மாநில வண்டிக்குப் புதிய பதிவெண் வாங்க 12 மாதம் அவகாசம் தருகிறது. அதுவரை வரியைப் பற்றிய பேச்சே வேண்டாம். காப்பீட்டை மட்டும் கட்டுங்கள். இதற்கு ஓர் இழையா?

செக்காலையார்: ஐயா, அந்த அவகாசம் உரிமையாளர் மாறாமல் வண்டி மட்டும் இடம்பெயரும்போது பொருந்தும். இங்கே காரே கைமாறியிருக்கிறது. 50ஆம் பிரிவின்படி, பெற்றுக்கொண்டவர் 30 நாளுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும்.

நெடுஞ்சாலை நேசன்: வரி கட்டாத காருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் ஒரு காசும் தராது. ஆகவே வரிதான் முதலில்.

வழக்குமன்ற வாசி: அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. அடிபட்ட மூன்றாம் நபருக்குப் பணம் தராமல் நிறுவனம் தப்பிக்கக்கூடிய காரணங்களை 150ஆம் பிரிவு வரையறுத்திருக்கிறது. வரி பாக்கி அவற்றில் இல்லை. பதிவே இல்லாத நிலைதான் ஆபத்து. தற்காலிகப் பதிவு காலாவதியான பின் திருடுபோன ஒரு காருக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பழைய ஓட்டுநர்: தீர்ப்பெல்லாம் படிப்பவர்கள் வண்டியும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பின்தெரு வாசல்: கர்நாடகப் பதிவு. ஆர்.சி. சித்தப்பா பெயரில். கடன் இல்லை. கடியாபட்டி.

செக்காலையார்: இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் சித்தப்பா பெயரிலேயே காப்பீட்டைப் புதுப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பிடிபட்டால் முதல் முறைக்கே 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். அவர் அங்கே படிவம் 28இல் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கட்டும். அது வந்ததும் புதுக்கோட்டையில் பெயர் மாற்றம், புதிய எண், வரி மூன்றும் நடக்கும். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய காருக்கான வாழ்நாள் வரி, காரின் விலை 5 லட்சம் வரை என்றால் 12 சதவீதம், 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும்.

வழக்குமன்ற வாசி: பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி சித்தப்பாவோடுதான் போகும், காரோடு வராது. அது 50 சதவீதம் வரை இருக்கும் என்பதால், நிறுவனம் கேட்கும் வித்தியாசத் தொகைக்கும் பணம் எடுத்து வையுங்கள்.

பின்தெரு வாசல்: காப்பீடு புதுப்பித்தாயிற்று. சான்றுக்குச் சித்தப்பா விண்ணப்பித்துவிட்டார். அங்கே கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா?

செக்காலையார்: மிச்சமுள்ள காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். இங்கே புதிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகு, அதன் நகலோடு கர்நாடகத்தில் வரி கட்டிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய வரி ரசீதைச் சித்தப்பாவிடம் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.