பேய்கீய் ஆலோசனை நிலையமும் அப்பாவின் சிரிப்பும்

பேய், மந்திரம், சண்டை என்று போகும் ஜப்பானிய அனிமேக்களில் உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த இடம் எது, அதை யாரோடு உட்கார்ந்து பார்த்தீர்கள்? இதை எல்லோரும் எழுதினால் நன்றாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது மாப் சைக்கோ 100. கதையின் முக்கியமான இடங்கள் கீழே வரும், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் சீசன் வந்தது 2016 ஜூலையில். நான் பார்த்தது 2019இல், இரண்டாவது சீசனும் முடிந்த பிறகு. அப்போது மதுரையில் வீட்டோடு இருந்தேன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், கூடத்து டிவியில் லேப்டாப்பை மாட்டி முதல் எபிசோடைப் போட்டிருந்தேன். அப்பா தட்டில் தோசையோடு வந்து உட்கார்ந்தார். பொம்மைப் படம் என்றாலே எழுந்து போய்விடுகிற ஆள். "நியூஸ் போடு" என்று சொல்ல வாயைத் திறந்தவர், கோட்டும் டையுமாக ஒருவர் பேய் ஓட்டக் கிளம்புவதைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திவிட்டார்.

அதுதான் ரெய்கன். எதிரே நிஜமான பேய். இவரிடம் துளி சக்தி கிடையாது. உப்பை அள்ளி, "சால்ட் ஸ்பிளாஷ்!" என்று இங்கிலீஷில் கத்திக்கொண்டு வீசுகிறார். மந்திரித்த உப்புகூட இல்லை, சாப்பாட்டில் போடுகிற சாதாரண உப்பு. பேய்க்கு ஒன்றுமே ஆகவில்லை. அப்பா கையில் தோசைத் துண்டு சட்னி சொட்டச் சொட்ட வாய்க்குப் போகாமல் நின்றது. "டேய், இவன் நம்ம பக்கத்துக் கோடாங்கியேதான்டா, உடுக்கை ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், புரையேறி அம்மா தண்ணீரோடு ஓடி வந்தார். ஜப்பானில் துக்க வீட்டுக்குப் போய் வந்தால் மேலே உப்புத் தூவிக்கொள்வார்கள், சுமோ வீரர்கள் களத்தில் இறங்கும்போது உப்பை வீசுவார்கள், அது தீட்டைக் கழிக்கிற பொருள். உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிற வீட்டில் வளர்ந்த அப்பாவுக்கு இதற்கெல்லாம் விளக்கமே தேவைப்படவில்லை.

அப்புறம்தான் பெயர்களில் இருக்கிற விளையாட்டு எனக்குத் தெரிய வந்தது, ஜப்பானிய மொழி படிக்கும் நண்பன் ஒருவன் சொன்னான். ரெய்கன் அரதகா என்ற அவருடைய முழுப்பெயரை அப்படியே காதால் கேட்டால், கேட்டதை உடனே கொடுக்கிற தெய்வத்தைப் பற்றி அவர்கள் சொல்கிற ஒரு வழக்குத்தொடர் அது. நம் ஊரில் 'துடியான சாமி' என்போமே, அதேதான். சக்தியே இல்லாத ஆளுக்கு அந்தப் பெயர்! அவருடைய ஆபீஸ் பெயர் 'ரெய் தோகா சோதான்ஜோ'. ரெய் என்றால் ஆவி, சோதான்ஜோ என்றால் ஆலோசனை நிலையம், நடுவில் இருக்கிற தோகா என்பது 'இன்ன பிற' என்கிற மாதிரி பேச்சில் வந்து விழுகிற சொல். இங்கிலீஷ் சப்டைட்டிலில் அது எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. தமிழில் யோசித்தபோதுதான் சரியாக உட்கார்ந்தது: பேய்கீய் ஆலோசனை நிலையம். இதை அப்பாவிடம் சொன்னேன், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தத் தொடருக்குப் பெயரே பேய்கீய்தான். அவர்கள் வாழும் ஊரின் பெயருக்குச் சுவையூட்டி என்று பொருள், ரெய்கனிடம் வேலை பார்க்கும், நிஜமாகவே மனோசக்தி உள்ள பையன் மாப் படிக்கும் பள்ளிக்கு உப்பு, எதிர்ப்பள்ளிக்குக் கறுப்பு வினிகர். ரவுடிப் பையன்கள் "கறுப்பு வினிகர்" என்று மார்தட்டிக்கொண்டு சண்டைக்கு வரும்போது நான் ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன்.

ரெய்கன் வெறும் ஃப்ராடு இல்லை, அதுதான் எனக்கு அவரை இவ்வளவு பிடிக்கக் காரணம். தோளில் ஆவி ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று வருகிறவர்களுக்கு அருமையாக மசாஜ் செய்து அனுப்புவார், வலி நிஜமாகவே போய்விடும். போட்டோவில் பேய் தெரிகிறது என்றால் கம்ப்யூட்டரில் அதை அழித்துக் கொடுப்பார். "ஏமாத்துறான்தான், ஆனா வேலையை முடிச்சிட்டுத்தான் காசு வாங்குறான்" என்று அப்பா சொன்னது சரியான தீர்ப்பு. மாபுக்கு மணிக்கு 300 யென் மட்டும் சம்பளம் தருவதை மட்டும் அப்பா கடைசி வரை மன்னிக்கவில்லை. அந்த 2016இல் டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலியே 900 யென்னுக்கு மேல்.

முதல் சீசன் முடிவில் எதிரிகளின் கோட்டைக்குள் இவர் நுழைவார். இவருடைய தோரணையைப் பார்த்து அடியாட்கள் தங்கள் தலைவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து உள்ளே அழைத்துப் போவார்கள். அந்த இடத்தில் நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது.

உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

* * *

நானும் மாப் கட்சிதான், ஆனால் எனக்கு ரெய்கனைவிட மாப் படிக்கும் பள்ளியின் உடல் மேம்பாட்டுக் கிளப் பையன்கள் மேல்தான் உயிர். அதே பள்ளியின் டெலிபதி கிளப்பில் ஒரு ஆள் குறைகிறது, சேர்ந்துகொள் என்று மாபைக் கெஞ்சுகிறார்கள். நிஜமாகவே மனோசக்தி இருக்கிற ஒரே பையன் அவன்தான், அவனோ உடம்பைத் தேற்றுகிற கிளப்பில் போய்ச் சேருகிறான். மனோசக்தியால் பிடித்த பெண்ணின் மனதில் இடம் கிடைக்காது என்பது அவன் கணக்கு. சட்டியைக் கவிழ்த்து வெட்டிய மாதிரி முடி, ஈர்க்குச்சி மாதிரி கை. ஓட ஆரம்பித்தால் மயங்கி விழுவான்.

இந்த மாதிரிக் கதையில் அந்தத் தடித்தடியான பையன்கள் அவனைக் கிண்டல் செய்யப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், ஏனென்றால் பள்ளியில் விளையாட்டு பீரியட் என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும், நான் பார்த்ததெல்லாம் அதுதான். அவர்கள் யாருமே ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. மயங்கினால் தூக்கிக்கொள்கிறார்கள். எழுந்ததும் மறுபடி "ஃபைட்டோ!" என்று உற்சாகக் கூச்சல். ரவுடிகள் மாபைக் கடத்தும்போது, எங்கள் ஆளைக் கூட்டிப் போக வந்திருக்கிறோம் என்று மொத்தக் கிளப்பும் போய் நிற்கும். அந்த முகங்களில் இருக்கிற சீரியஸைப் பார்த்துத்தான் சிரிப்பே வருகிறது, சிரித்து முடித்தால் தொண்டை அடைக்கிறது.

கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நானும் என் அறைத்தோழியும் இதைப் பார்த்துவிட்டுக் காலையில் ஓடப் போனோம். இரண்டாவது சுற்றில் நான் மூச்சு வாங்கி முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து "ஃபைட்டோ!" என்று கத்தினாள். வாக்கிங் வந்த பெரியவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மூன்றாவது சுற்றும் ஓடினேன். அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள், இன்றைக்கும் எனக்கு ஏதாவது கஷ்டம் என்றால் அந்த ஒரு வார்த்தைதான் மெசேஜில் வரும்.

ஆமாம், உங்கள் அப்பா இரண்டாவது சீசனும் பார்த்தாரா? பிரஸ் மீட் வருகிற இடத்தில் என்ன சொன்னார்?

* * *

சின்ன அனுபவம்தான். ரெய்கனுக்கும் டீமன் ஸ்லேயர் என்ற இன்னொரு அனிமேயில் வரும் வாள்வீரர் கியூவுக்கும் ஜப்பானிய மொழியில் குரல் கொடுப்பது ஒரே ஆள், சகுராய் தகாஹிரோ. இது எனக்கு முன்பே தெரியும். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் படத்துக்கு ஜப்பானிய ஒலியோடு போட்ட காட்சிக்குப் போனேன். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கியூ கம்பீரமாக வாயைத் திறக்கிறார், என் காதில் மட்டும் "சால்ட் ஸ்பிளாஷ்" கேட்கிறது. கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். பக்கத்து சீட் தம்பி நான் அழுகிறேன் என்று நினைத்து, "அண்ணா, அவர் சாக மாட்டார்ணா" என்று மெதுவாகத் தேற்றினான். நல்ல பையன்.

* * *

அந்தத் தம்பி எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்!

அப்பா இரண்டாவது சீசனும் பார்த்தார் சகோதரி. தான் இல்லாதபோது போடக் கூடாது என்று எனக்கு உத்தரவே போட்டார். ஆறாவது, ஏழாவது எபிசோடுகளை ஒரே ராத்திரியில் பார்த்தோம். மாபிடம் சொல்லக் கூடாததைச் சொல்லிவிடுகிறார் ரெய்கன், பையன் விலகிப் போய்விடுகிறான். பிறந்தநாளுக்கு அவருக்கு வருவது அம்மாவின் மெயில்தான். பிறகு டிவியில் பெரிய ஆளாகப் போய் அவமானப்பட்டு, கடைசியில் அந்த பிரஸ் மீட். அதுவரை நம்மைச் சிரிக்க வைத்த அதே வாய் அங்கே பேச்சு வராமல் நிற்கிறது. அப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "பையன் வருவான்டா" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அரங்கத்தில் இருந்த பொருள்கள் எல்லாம் அந்தரத்தில் மிதக்க ஆரம்பித்தன.

அதன் பிறகு இருவரும் சந்திக்கிறார்கள். நான் உண்மையில் யார் என்று உனக்கு இப்போது தெரிந்துவிட்டதா என்கிற மாதிரி ரெய்கன் கேட்கிறார். அப்பா டிவியைப் பார்த்துக்கொண்டே, "அவனுக்கு ஆரம்பத்துலயே தெரியும்" என்றார். சப்டைட்டிலை அவர் படிக்கவே மாட்டார், நான்தான் ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அடுத்த வரியில் மாப் அதையேதான் சொன்னான், முதலிலிருந்தே தெரியும், நீங்கள் நல்லவர் என்று. எனக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. "என்னடா சொல்றான்?" என்று அப்பா கேட்டார். "நீங்க சொன்னதேதான்ப்பா" என்றேன்.

மூன்றாவது சீசன் 2022 அக்டோபரில் வந்தபோது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். அப்பா போன் செய்து, "உப்புக்காரன் திரும்ப வந்துட்டானாமே, எப்ப ஊருக்கு வர்ற?" என்றார். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறினேன்.