சக்கிமுக்கி மஸ்கட்டில் குறி தப்பாமல் சுடுவது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மஸ்கட் என்பது கல் உரசிப் பொறி எழுப்பிச் சுடும் பழைய நீளத் துப்பாக்கி. குழலுக்குள் சுழல்வரி (குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம்) இல்லாத மஸ்கட்டால் குறிபார்த்துச் சுடவே முடியாது என்று சாதிப்பவர்கள் பிரிட்டிஷ் அதிகாரி ஜார்ஜ் ஹேங்கரைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். படைவீரனின் மஸ்கட் 80 கெஜத்தில் ஓர் ஆளைத் தாக்கும், 200 கெஜத்தில் சுடுவதும் நிலாவை நோக்கிச் சுடுவதும் ஒன்றுதான் என்று 1814இல் அவர் எழுதியது உண்மை. ஆனால் 'குழல் மிக மோசமாகக் குடையப்படாமல் இருந்தால்' என்றும், பல குழல்கள் மோசமாகத்தான் குடையப்பட்டிருக்கின்றன என்றும் அதே இடத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. குறை துப்பாக்கியின் வகையில் இல்லை. செய்த விதத்திலும், மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டித்த விதத்திலும் இருந்தது என்பதே என் கட்சி.

இதை எனக்குக் கண்ணால் காட்டியவர் சுடுதளத்தில் பக்கத்து இடத்தில் நின்ற ஒரு முதியவர். கையில் பிரவுன் பெஸ் என்ற பழைய பிரிட்டிஷ் படை மஸ்கட்டின் மாதிரியில் புதிதாகச் செய்த துப்பாக்கி. இலக்கு 50 மீட்டரில். நின்றபடியே, எதிலும் சாய்ந்துகொள்ளாமல் சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தபோது துளைகள் எல்லாம் ஒரு கையகலத்துக்குள் இருந்தன. அதன்பின் அவருடைய அட்டையை விட்டுவிட்டுக் கைகளைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

முதலில் குண்டைப் பற்றிப் பேசினார். பிரவுன் பெஸ்ஸின் குழல் விட்டம் 0.75 அங்குலம்; அக்காலப் படையினர் போட்ட ஈயக்குண்டு ஏறக்குறைய 0.69 அங்குலம். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி. குழலில் கரி படிந்த பின்னும் குண்டு தடங்கலின்றி இறங்க வேண்டும், வீரன் நிமிடத்துக்கு மூன்று முறையாவது சுட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. அதற்குக் கொடுத்த விலைதான் குறி. குண்டு குழலின் சுவர்களில் மாறி மாறி மோதிக்கொண்டே வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ப ஒரு சுழற்சி ஏறும். அந்தச் சுழற்சி குண்டைக் காற்றில் வளைத்துவிடும். ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டார். குண்டு இடப்பக்கமாகக் கிளம்பிப் பின் வலப்பக்கம் திரும்பிச் சென்றது.

முதியவர் அந்த இடைவெளியை அடைத்துவிட்டார், அவ்வளவுதான். 0.715 அங்குலக் குண்டு. அதைச் சுற்றி எண்ணெய் தோய்ந்த, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி. குழல்வாய் வழியாகக் கம்பியால் தள்ளும்போது முதலில் சற்று இறுக்கம் தெரிந்தது, பிறகு ஒரே சீராக இறங்கியது. கட்டையால் அடித்து இறக்கவில்லை. துணியின் கனத்தை மாற்றி மாற்றிப் பார்த்து இந்தப் பொருத்தத்துக்கு வந்ததாகச் சொன்னார். புதிதாகச் செய்யும் துப்பாக்கிகளில் குழல் விட்டம் ஒன்றுக்கொன்று வேறுபடும். எனவே அளந்து பார்க்காமல் குண்டு வாங்காதீர்கள்.

குழலில் போடும் வெடிமருந்து எப்போதும் கரிமருந்துதான். புகையில்லா நவீன மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக்கூடாது, குழல் வெடித்துவிடும். ஒவ்வொரு அளவையும் வீட்டிலேயே நிறுத்துச் சிறு குப்பிகளில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். 70 கிரெய்னில் (சுமார் 4.5 கிராம்) தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, துளைகள் நெருங்கி விழும் அளவு வந்ததும் நிறுத்திக்கொண்டாராம். துப்பாக்கி செய்தவர் குறிப்பிட்ட உச்ச அளவை அவர் தொட்டதே இல்லை. மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டக்கூடாது என்பதிலும் கண்டிப்பாக இருந்தார். உள்ளே ஒரு கனல் மிச்சமிருந்தால் கொம்பு முழுவதும் கையிலேயே பற்றிக்கொள்ளும்.

கம்பியில் ஒரு கீறல் போட்டு வைத்திருந்தார். குண்டு மருந்தின்மேல் சரியாக அமர்ந்தால் அந்தக் கீறல் குழல்வாயோடு ஒட்டி நிற்கும். ஒட்டவில்லையென்றால் மேலே எதையும் செய்யமாட்டார். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் குழல் அந்த இடத்தில் வீங்கலாம், பிளக்கவும் செய்யலாம். ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கை வலுவைப் பொறுத்துக் குண்டின் வேகம் மாறக்கூடாது அல்லவா?

சுட்டதும் ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று. எரியும் கரிமருந்தில் பாதிக்கும் மேல் திடக்கழிவாக மாறிவிடுகிறது. அதைத் துடைக்காவிட்டால் அடுத்த குண்டுக்குக் குழல் வேறொரு குழலாகிவிடும்.

மற்றவர்கள் சக்கிமுக்கிக் கல்லையும், பொறிபட்டு முதலில் பற்றும் மருந்தான ரஞ்சகத்தையும் பற்றிச் சொல்லுங்கள்.

மறுமொழி:

கல்லைப் பற்றி நான் சொல்கிறேன். பலர் நினைப்பதுபோலப் பொறி கல்லிலிருந்து வருவதில்லை. கல்லின் கூர்விளிம்பு எஃகுத் தகட்டைச் செதுக்குகிறது. அந்த எஃகுத் துகள்கள்தான் எரிந்து விழுகின்றன. எனவே விளிம்பு மழுங்கினால் பொறியும் குறையும். கல்லைத் தோலில் சுற்றிக் குதிரையின் (விசையை இழுத்ததும் கல்லோடு விழும் சுத்தியல் பாகம்) தாடையில் இறுக்குகிறேன். விளிம்பு தகட்டின் முழு அகலத்திலும் ஒரே நேரத்தில் படுகிறதா என்பதைக் கெட்டிப்பதற்கு முன், குதிரையைக் கையால் மெல்ல இறக்கிப் பார்த்துவிடுவேன். ஒரு மூலை மட்டும் பட்டால் பொறியெல்லாம் ரஞ்சகம் போடும் கிண்ணத்துக்கு வெளியே போகும்.

ரஞ்சகம் எப்போதும் கடைசியில்தான். அதுவும் பொடியாக அரைத்த கரிமருந்து. கிண்ணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போட்டு, குழலுக்குள் தீ போகும் தீத்துளையை மூடாமல் அதன் பக்கமாக ஒதுக்குகிறேன். துளைக்குள் மருந்து அடைத்திருந்தால் திரிபோல எரிந்துதான் தீ உள்ளே போக வேண்டும். அந்தத் தாமதத்தில் குழல் அசைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிடுவதும் இதற்காகத்தான்.

முகத்தருகே தீ பளிச்சிடுவதால் கண் தானாக மூடிக்கொள்ளும், தோள் பின்வாங்கும். இதற்கு ஒரே மருந்து பயிற்சி. காலித் துப்பாக்கியில் கல்லுக்குப் பதிலாக ஒரு மரத்துண்டை வைத்து விசையை இழுத்துப் பழகுங்கள். குதிரை விழுந்த பின்னும் குறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். கண்ணாடி அணியாமல் சுடவே சுடாதீர்கள். கற்சில்லும் தெறிக்கும், தீத்துளையிலிருந்து பக்கவாட்டில் நெருப்பும் பாயும்.

மறுமொழி:

குறிபார்க்கக் கண்ணருகே இருக்க வேண்டிய பின்குறி இதில் இல்லாததை யாரும் சொல்லவில்லையே! பிரவுன் பெஸ்ஸில் முனையில் உள்ள, பயனெட் (துப்பாக்கிக் கத்தி) மாட்டும் முளையைத்தான் குறியாகக் கொள்ள வேண்டும். அப்படியானால் பின்குறி நம் கண்தான். கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் ஓர் இழை உயர்ந்தாலும் குண்டு மேலே போகும். குழலின் மேற்பரப்பு ஒவ்வொரு முறையும் அதே அளவு தெரிகிறதா என்று பார்த்த பிறகே விசையைத் தொடுவேன். குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கான சர்வதேசப் போட்டிகளில் மிக்கெலெட் என்ற பிரிவே இருக்கிறது: சுழல்வரி இல்லாத சக்கிமுக்கி மஸ்கட், 50 மீட்டர், நின்ற நிலை, 30 நிமிடத்தில் 13 முறை சுடலாம், சிறந்த பத்து கணக்கில் சேரும். சுட முடியாது என்பவர்கள் அதன் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கட்டும்.

ஒரு முறை எனக்குக் கிண்ணத்தில் ரஞ்சகம் எரிந்தது, குழலுக்குள் இருந்த மருந்து வெடிக்கவில்லை. துப்பாக்கியை இறக்காமல் இலக்கை நோக்கியே பிடித்திருந்தேன். மூச்சுவிடும் நேரம் கழித்துத் தானாக வெடித்தது. உள்ளே எங்கோ ஒரு பொறி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இப்படி நேர்ந்தால் குறைந்தது ஒரு நிமிடம் குழல்வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும். பிறகு துளையைக் குத்திவிட்டு, புது ரஞ்சகம் போட்டு மீண்டும் சுடுங்கள். யாரும் குழல்வாய்க்கு எதிரே போய்க் குனிந்து பார்க்க வேண்டாம்.